மெல்லிய நெஞ்சமும் முதிர்ந்த வாழ்வும்



மக்களின் இயல்பைப் பற்றிப் பேசுங்கால், அறிவு மிக்கவர், குறைந்தவர் என்று பிரிக்கிறோம். உடல் வலியவர், மெலியவர் என்றும் பிரிக்கிறோம். உணர்ச்சியின் அளவைக் கொண்டு மக்களைப் பிரித்துப் பார்ப்பதோ அரிது. ஆயினும் அவ்வேறுபாடு நம் வீட்டிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் கண்கூடாகத் தெரிகின்றது. மேலதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணிபுரியும் இருவரை ஒரே சொல்லால் கடிந்துகொள்கிறார். ஒருவர் வெளியே வந்து தேநீர் அருந்தியதும் அதை மறந்துவிடுகிறார். மற்றவர்க்கோ அன்றிரவு உறக்கம் வருவதில்லை. சொல்லிய சொல் ஒன்றே. அது சென்று தைத்த ஆழம் வேறு.

உறக்கமிழந்த அந்த இரண்டாமவரைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோமாயின், வேறொன்றும் தெரியவரும். உடன் பணிபுரிபவர் வீட்டில் ஏதோ துன்பம் என்பதைக் குரலின் மாற்றத்தைக் கொண்டே முதலில் அறிபவர் அவர்தாம். பழைய பாடல் ஒன்றைக் கேட்டால் அவர் கண் கலங்கும். திருமண வீட்டின் பேரிரைச்சலில் இரண்டு மணி நேரம் இருந்தால் அவர் சோர்ந்துவிடுவார். இன்பமும் துன்பமும் பிறரைவிட அவரிடம் பெருகி வருகின்றன.

இவ்வியல்பு குழந்தையிடம் இருந்தால் நாம் பொறுத்துக்கொள்கிறோம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவரிடம் கண்டாலோ, "இந்த வயதிலுமா இப்படி?" என்று கேட்கிறோம். இக்கேள்வியே இன்றைய நம் பேச்சுக்குப் பொருள். முதிர்ச்சி என்பது நெஞ்சம் மரத்துப்போவதா? அன்றி, மென்மையை இழக்காமலே அதனை ஆளக் கற்றுக்கொள்வதா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு எப்பொருளையும் சொல்லின் வழியே அணுகுவது பழக்கமாகிவிட்டது. தலைநகரில் நம்மைச் சூழ்ந்து ஒலிக்கும் இந்தி மொழியில் இவ்வியல்பைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. 'பாவுக்' என்பது ஒன்று; உணர்ச்சியால் எளிதில் அடித்துச் செல்லப்படுபவரை அது குறிக்கும். 'ஸம்வேதன்ஷீல்' என்பது மற்றொன்று. பிறர் நோவைத் தன் நோவாக உணர வல்லவரை அது குறிக்கும். தமிழிலும் இவ்வாறே. 'உணர்ச்சிவசப்படுபவர்', 'தொட்டாற்சிணுங்கி' என்பன ஒரு பக்கம். 'ஈர நெஞ்சம்', 'இளகிய மனம்' என்பன மறுபக்கம். முன்னவை பழிப்பு, பின்னவை பாராட்டு.

இங்கு வியப்பு யாதெனின், இவ்விரு வகைச் சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒருவருக்கே வழங்குகிறோம். நம் துயரத்தைக் கேட்டு ஒருவர் கண்ணீர் விட்டால் அவர் ஈர நெஞ்சினர். நாம் சொன்ன சொல்லுக்கு அவரே மனம் நொந்தால் தொட்டாற்சிணுங்கி. நெஞ்சம் ஒன்றே, நமக்கு உதவும்போது ஒரு பெயரும், நமக்கு இடர் தரும்போது வேறொரு பெயரும் இட்டுவிடுகிறோம். டில்லி அலுவலகங்களில் ஒரு நாளில் பத்து முறையேனும் காதில் விழும் அறிவுரை ஒன்றுண்டு: "தில் பர் மத் லோ" - உள்ளத்தில் ஏற்றிக்கொள்ளாதே. அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் உள்ளத்தில் ஏறுவதும் ஏறாததும் ஒருவர் விருப்பத்தைப் பொறுத்தது என்பது போல் அது அமைந்திருக்கிறது. காதில் விழும் ஒலியை விழாதே என்று தடுக்க இயலுமா? விழுந்தபின் என்ன செய்வது என்பதே நம் கையில் உள்ளது.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், மலர்களுள் மிக மெல்லியதாகிய அனிச்சத்தினும் மெல்லியவன் விருந்தினன் என்ற கருத்தை வைத்துள்ளார். பூவை வாட்டுவதற்கு அதனை முகர்தல் வேண்டும். விருந்தினனை வாட்டுவதற்கு நம் முகத்தில் தோன்றும் ஒரு சிறு மாற்றமே போதும். அவ்விருந்தினன் தன் ஊரில், தன் திண்ணையில் அவ்வளவு மெல்லியவனாக இருந்திருக்கமாட்டான். பிறர் வாயிலில் நிற்பதால் அவனுக்கு முகங்களைப் படிக்கும் கூர்மை மிகுகின்றது. வேற்று மாநிலத்தில் வாடகை வீடு தேடியவர்களும், கொச்சையாகப் பேசிய இந்தியைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்ததைக் கண்டவர்களும் இவ்வுண்மையை அறிவர். மேலும் ஒன்று நோக்கத்தக்கது. அக்குறள் விருந்தினனைப் பார்த்து, "நீ ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறாய்?" என்று கேட்கவில்லை. விருந்தளிப்பவனைப் பார்த்து, "உன் முகத்தைக் காத்துக்கொள்" என்கிறது. மென்மை அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. கருத்தில் கொள்ளவேண்டிய இயல்பாகவே கருதப்பட்டது.

இக்கால உளவியலும் ஏறத்தாழ இம்முடிவுக்கே வந்துள்ளது. அமெரிக்க உளவியலறிஞர் எலேன் ஆரன் என்னும் அம்மையார் 1996இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு தம் கணவர் ஆர்தர் ஆரனுடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் வரை இத்தகைய மிகு நுண்ணுணர்வு உடையவர்கள் என்பது அவர் கணிப்பு. அவர் கூறும் அடையாளங்கள் நான்கு. எதனையும் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல். ஒலி, ஒளி, கூட்டம் முதலியவற்றால் விரைவில் களைப்புறுதல். உணர்ச்சி மிகுதலும் பிறர் உணர்வை எளிதில் உணர்தலும். பிறர் காணாத சிறு வேறுபாடுகளைக் காணுதல். இது நோயன்று, பிறப்பிலேயே அமையும் ஓர் இயல்பு என்பது அவர் கருத்து.

அவருக்கும் முன்னரே, போலந்து நாட்டு உளநல மருத்துவர் கசிமியெஷ் டோம்ப்ரோவ்ஸ்கி வேறொரு கோணத்தில் இதனை ஆராய்ந்தார். 1902 முதல் 1980 வரை வாழ்ந்த அவர், இரு உலகப் போர்களின் கொடுமைகளையும் தம் நாட்டில் கண்டவர். உணர்ச்சி மிக்கவர்கள் உள்ளத்தில் எழும் கொந்தளிப்பைச் சிதைவாக மட்டும் கருதலாகாது, பழைய நிலை உடைந்து மேலான நிலை உருவாவதற்கு அது வழியாகலாம் என்று அவர் கூறினார். ஆகலாம் என்பதே இங்கு முக்கியம். ஆகியே தீரும் என்பதன்று. அது ஆவதற்கு என்ன வேண்டும் என்பதை அறிய நாம் அயல்நாடு செல்லவேண்டியதில்லை.

கடலூரை அடுத்த வடலூர்க்குச் செல்வோம். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளை, வாடிய பயிரைக் கண்டு வாடியவர் என்று உலகம் அறியும். அச்சொற்றொடர் இன்று மேடைகளில் பலமுறை பேசப்பட்டுத் தேய்ந்துவிட்டது. ஆனால் அது இடம்பெற்றுள்ள 'பிள்ளைப் பெரு விண்ணப்பம்' என்னும் பகுதியை முழுமையாகப் படிப்பவர் மிகச் சிலரே. ஆறாம் திருமுறையில் உள்ள அந்த நெடிய பகுதியில், தம் நெஞ்சம் எவற்றிற்கெல்லாம் நடுங்கியது என்பதை வளர்ந்து முதிர்ந்த ஒருவர் ஒளிவு மறைவின்றி இறைவனிடம் வரிசையாகக் கூறுகிறார்.

யாரேனும் இருவர் உரத்துப் பேசினால் உள்ளம் நடுங்கினாராம். யாரோ கதவை ஓங்கித் தட்டினால் கலங்கினாராம். காக்கை கரைந்தாலும் ஆந்தை அலறினாலும் அஞ்சினாராம். கைவீசி நடப்பதற்கு நாணிக் கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தாராம். நண்பர்கள் தமக்கு உயர்ந்த ஆடையை உடுத்திவிட்டால் அதுவும் அவருக்கு அச்சமாம். பிறர் கண்ணீர் விடக் கண்டால் தாமும் கண்ணீர் விட்டாராம். எங்கோ சிலர் பட்டினி கிடக்கிறார்கள் என்று கேட்டாலே உள்ளம் நடுக்குற்றதாம். நெடுநாட் பிணியாளரையும், மானம் மிக்க ஏழையரையும் கண்டபோதெல்லாம் தாமும் துடித்து இளைத்தாராம்.

இப்பட்டியலைப் பெயர் சொல்லாமல் இன்று ஒருவரிடம் காட்டினால் என்ன சொல்வார்? "கதவு தட்டினால் நடுங்குகிறவர் உலகத்தில் எப்படி வாழ்வார்?" என்றே கேட்பார். ஆனால் வாழ்ந்தார். வெறுமனே வாழ்ந்ததோடு அமையவில்லை. அதே நெஞ்சம்தான் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிற்று. ஊரார் அளித்த நிலத்தில் அடுப்பு மூட்டப்பட்டது. சாதி, சமயம் முதலிய வேறுபாடு பாராமல், பசித்து வந்தவர்க்கெல்லாம் அங்கே உணவு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிந்துவருகிறது.

கதவோசைக்கு நடுங்கிய நெஞ்சம் ஒன்று, அடுப்பு மூட்டிய நெஞ்சம் மற்றொன்று என்று நாம் பிரித்துவிடலாகாது. இரண்டும் ஒன்றே. அந்தக் கூர்மை இல்லாதிருப்பின், எங்கோ கிடந்த பட்டினி அவர் உள்ளத்தை நடுக்கியிராது. அந்நடுக்கம் இல்லையேல் அடுப்பும் இல்லை. அடிகள் தம் மென்மையை மறைக்கவில்லை. அதற்காக நாணவும் இல்லை. பிறர்க்கு அதனால் சுமையாகவும் இல்லை. அதற்குச் சொல் கொடுத்தார். பிறகு அதற்கு ஒரு வேலை கொடுத்தார்.

அவர் துறவி, நாம் குடும்பத்தினர், அவர் வழி நமக்கு ஆகுமா என்று கேட்கலாம். துறவாத ஒருவரின் சான்று டில்லி மாநகரிலேயே உள்ளது. பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு மேலே அசோகரின் கற்றூண் ஒன்று நிற்கின்றது. பேருந்தில் அவ்வழியே செல்லும் நம்மவர் பலர் அதனை அண்ணாந்து பார்த்திருப்பர். இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ரா என்னும் ஊரில் இருந்த அதனை, 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் யமுனை வழியே கொணர்ந்து அங்கே நிறுவினார்.

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் அடைந்த மனவேதனையை அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு கூறுகின்றது. ஒன்றரை இலட்சம் பேர் சிறைபிடிக்கப்பட்டனர், ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்று எண்ணிச் சொல்லி வருந்தும் அவர், இன்னொரு கூட்டத்தாரையும் நினைக்கிறார். தமக்குத் தீங்கு நேராவிடினும், தம் அன்புக்குரியவர்க்கு நேர்ந்த தீங்கால் வருந்துவோர் அவர்கள். வென்ற அரசன் ஒருவன் இவ்வளவு நுணுகி வருந்தியதைக் கல்லில் காண்பது அரிது. ஆனால் அவர் அரசைத் துறந்துவிடவில்லை. வருந்திக்கொண்டே அமர்ந்துவிடவும் இல்லை. டில்லித் தூணில் நாம் காண்பது அவ்வருத்தத்தின் பின்விளைவு: சாலையோரம் நிழலுக்கு ஆலமரங்கள், மாந்தோப்புகள், வழிநெடுகக் கிணறுகள், தங்குமிடங்கள், மனிதரும் விலங்கும் நீர் பருகத் துறைகள். துயரம் வேறிடத்துப் பாறையில் உள்ளது. துயரம் செய்த வேலை நம் டில்லித் தூணில் உள்ளது.

இவ்விரு சான்றுகளும் காட்டும் வேறுபாடு ஒன்றை நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். தன் நோவுக்கு மட்டும் துடிக்கும் நெஞ்சமும் உண்டு. தனக்குச் சொன்ன கடுஞ்சொல்லைப் பத்தாண்டு நினைவில் வைத்திருக்கும்; தான் சொன்ன கடுஞ்சொல்லை மறுநாளே மறந்துவிடும். இதனை நுண்ணுணர்வு என்று பெயரிட்டுப் பெருமை கொள்வது பொருந்தாது. தோல் மெல்லியதாக இருப்பது ஒருவர் தேடிக்கொண்டதன்று. அத்தோலின் வழியே பிறர் வெப்பத்தையும் உணர்கிறோமா என்பதில்தான் முதிர்ச்சி உள்ளது.

அன்றாட வாழ்வில் நாம் செய்யக்கூடியது யாது?

முதலாவது, உணர்ச்சிக்குச் சரியான பெயரிடல். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இதற்கென உள்ளது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் தொல்காப்பியர் வகுத்துள்ளார். அழுகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிறர் இகழ்வதால் வருவது ஒன்று. இழப்பால் வருவது ஒன்று. முன்னிருந்த நிலை தாழ்வதால் வருவது ஒன்று. வறுமையால் வருவது ஒன்று. கண்ணீர் வரும்போது, "நான்கனுள் இது எது?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். மேலதிகாரி கடிந்ததற்கு அழுகிறோம் என்று எண்ணியிருப்போம். ஊரில் பெரிய குடும்பமாக இருந்து இங்கே இரண்டு அறையில் ஒடுங்கிய நிலைதாழ்வே உண்மைக் காரணமாக இருக்கலாம். இப்பெயரிடலால் விளையும் பயனை இக்கால ஆய்வும் காட்டுகின்றது. கலிபோர்னியாவில் மாத்யூ லீபர்மன் முதலானோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் கண்ட உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்டபோது, அச்சம் முதலியவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் கிளர்ச்சி தணிந்தது.

அப்பெயரைத் தாய்மொழியில் இடுவது நன்று. துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தைப் பின்னர்க் கற்ற மொழியாகவும் கொண்டவர்களைக் காதரின் ஹாரிஸ் முதலானோர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். சிறு வயதில் கேட்ட கண்டிப்புச் சொற்களைத் தாய்மொழியில் கேட்டபோது அவர்கள் உடலில் தோன்றிய மாற்றம், ஆங்கிலத்தில் கேட்டபோது தோன்றியதைவிட மிகுதியாக இருந்தது. நம் அனுபவமும் இதுவே. அலுவலகத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாங்கும் வசைகள் பல மேலோடு போகின்றன. ஊரிலிருந்து தொலைபேசியில் அக்காள் சொல்லும் ஒரு தமிழ்ச்சொல் அடிவயிற்றில் இறங்குகிறது. நோவு எந்த மொழியில் ஆழமாக இறங்குகிறதோ, அந்த மொழியிலேயே ஆறுதலும் ஆழமாக இறங்கும் என்பது நம் எண்ணம். ஆகவே, மனம் விட்டுத் தமிழில் பேச ஒருவரையேனும் தேடிக்கொள்ளுங்கள். சங்கத்து மாலைக் கூட்டமோ, மலை மந்திர்ப் படிக்கட்டோ, எதிர் வீட்டு மாமியோ, எதுவாயினும் ஆகுக.

இரண்டாவது, அடக்குதல் வேறு, ஆளுதல் வேறு என்று அறிதல். முகத்தில் ஒன்றும் தெரியாமல் உணர்ச்சியை மறைத்துக்கொண்டால் அது உள்ளே குறைந்துவிடுவதில்லை என்பதையும், உடலின் உள்ளுழைப்பு மிகுகின்றது என்பதையும் ஜேம்ஸ் கிராஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் காட்டினர். அதற்காக நினைத்ததையெல்லாம் அப்போதே கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. நடந்ததை வேறு கோணத்தில் எண்ணிப் பார்ப்பதே சிறந்த வழி. அதிகாரியின் சினத்திற்குத் தலைப்பு நாமாக இருக்கலாம். காரணம் அவருக்கு மேலிருந்து வந்த கடிதமாக இருக்கலாம். ஓரிரவு கடந்தபின் விடை எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டால் பல பகைகள் பிறவா.

மூன்றாவது, இடம் அளித்தல். கூர்மையான கருவியை உறையில் இடுகிறோம் அன்றோ? நுண்ணுணர்வு உடையவர்க்குப் போதிய உறக்கமும், நாளில் அரை மணி நேரத் தனிமையும் ஆடம்பரமல்ல. டில்லியின் ஊர்தி இரைச்சலில் ஒரு மணி நேரம் பயணம் செய்து வீட்டினுள் நுழைபவரிடம், செருப்பைக் கழற்றுமுன்பே வீட்டுக் கணக்கைத் தொடங்காதிருப்பது நல்லது. "கால் மணி நேரம் பொறு, பிறகு பேசுவோம்" என்று அவர் சொன்னால், அதை அன்பின்மையாகக் கருதலாகாது.

நான்காவது, வேலை கொடுத்தல். எல்லாரும் தருமச்சாலை அமைக்க இயலாது. மருத்துவமனைக்கு ஊரிலிருந்து வந்து மொழி தெரியாமல் திகைக்கும் ஒரு குடும்பத்திற்கு ஒரு முற்பகல் துணை நிற்கலாம். புதிதாகப் பணியில் சேர்ந்து தனியே உண்ணும் இளைஞனை ஞாயிறன்று அழைத்துச் சோறிடலாம். அவன் முகவாட்டத்தை முதலில் காண்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதுவே உங்கள் தகுதி. ஆனால் அளவும் வேண்டும். உலகத்துத் துன்பம் முழுவதையும் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் நள்ளிரவு வரை பார்த்து உருகுவதால் பசித்தவர் ஒருவருக்கும் சோறு கிடைப்பதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மிகு நுண்ணுணர்வு நோயன்று. ஆயினும் அவ்வுணர்வு உடையவர்க்கும் நோய் வரக்கூடும். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை தோன்றினால், அதனை இயல்பு என்று விட்டுவிடலாகாது, மருத்துவரை நாடவேண்டும். மைய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் உளநலத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம், தமிழிலும் பேசலாம். அவ்வாறு பேசுவதில் இழிவு ஏதும் இல்லை.

அன்பர்களே, "இந்த வயதிலுமா இப்படி?" என்ற கேள்விக்கு நாம் இப்போது விடை கூறலாம். ஆம், இந்த வயதிலும் இப்படியே. வயது ஏறுவதால் அனிச்சம் எருக்காகிவிடாது, ஆகவும் வேண்டா. சிறு வயதில் அந்நெஞ்சம் நம்மை ஆட்டிவைத்தது. இப்போது அதன் பெயர் நமக்குத் தெரியும். அதற்கு எப்போது ஓய்வு வேண்டும், எந்த வேலை தரவேண்டும் என்பதும் தெரியும். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இத்தகையவர் ஒருவர் இருப்பின், உள்ளத்தில் ஏற்றிக்கொள்ளாதே என்று அடுத்த முறை சொல்லுமுன், எது ஏறியது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். அவர்க்கு அது ஓர் இரவின் உறக்கத்தைத் தரக்கூடும்.